ராத்திரி மாத்திரையும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும்

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் அம்மா பேச மாட்டார். எழுந்து பல் துலக்கியதும் பெரிய டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு அந்த வார மாத்திரையை விழுங்கிவிட்டு, கூடத்து மர நாற்காலியில் முதுகை நிமிர்த்தி அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். காபி கிடையாது, சாய்ந்து படுக்கக் கூடாது, குனிந்து கோலம் போடக் கூடாது. அறுபத்தேழு வயதில் காலைக் காபி அரை மணி தள்ளிப் போவது அவருக்குப் பெரிய விஷயம். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கையில் போனை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏங்கண்ணு, நான் ராத்திரி போடற அந்த இருதய மாத்திரையே எலும்பு வளக்குமாமா? சித்தி அனுப்பியிருக்கா. அப்பறம் எதுக்கு நான் இத முழுங்கிட்டு வெறும் வயித்தோட உக்கோந்திருக்கறேன்?"

நான் உடனே "அதெல்லாம் பொய்ம்மா" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அது முழுப் பொய் இல்லை. படிப்பு முடிந்த பிறகு இரண்டு வருடம் ஓர் ஆய்வகத்தில் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை வளர்ப்பதுதான் என் வேலையாக இருந்தது, அந்தச் செல்கள் மேல் இதே வகை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் அம்மாவுக்கு அன்றைக்குச் சொன்ன பதிலையும், சொல்ல நேரம் கிடைக்காமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அம்மாவின் கதை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி அட்டோர்வாஸ்டேட்டின் 40 மில்லிகிராம், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மருந்துகளில் ஒன்று. போன ஆடி மாதம் பின்கட்டில் துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கி, கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. பெரிய விழுகை ஒன்றும் இல்லை, நின்ற இடத்தில் சரிந்ததுதான். நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் அந்த எலும்பு ஏற்கெனவே பலவீனமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம், அதில் டி ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.8 வந்தது. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ். ஊரில் எல்லாரும் எலும்புத் தேய்மானம் என்கிறார்கள், ஆனால் மூட்டு தேய்வதற்கும் அதே பெயரைத்தான் சொல்கிறோம் என்பதால் நான் எலும்பு மெலிதல் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். இத்தனை வருடம் இதயப் பரிசோதனைக்குப் போய் வந்த இடத்தில் ஒருவர்கூட மாதவிடாய் நின்று பதினைந்து வருடத்துக்கு மேலான ஒரு பெண்ணிடம் எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. சரி, அதை விடுகிறேன்.

அப்படித்தான் வாரம் ஒருமுறை போடும் எலும்பு மாத்திரை, அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வந்து சேர்ந்தது.

இப்போது அந்தச் செல். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ரத்தம் ஊறும் செல்களோடு இன்னொரு கூட்டமும் மிகக் குறைவான எண்ணிக்கையில் இருக்கிறது. சோவியத் விஞ்ஞானி அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன் 1960களிலும் 70களிலும் இதைக் காட்டினார்: மஜ்ஜையை எடுத்துப் பிளாஸ்டிக் தட்டில் விட்டால் பெரும்பாலான செல்கள் மிதக்கும், சில மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வளரும், அவற்றை உடம்புக்குள் வைத்தால் எலும்பு உண்டாகும். பிற்பாடு 1991இல் ஆர்னால்ட் கேப்லன் இவற்றுக்கு மெசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர் வைத்தார். எலும்பாகவும் ஆகலாம், குருத்தெலும்பாகவும் ஆகலாம், கொழுப்பாகவும் ஆகலாம் என்கிற நிலையில் நிற்கும் செல் இது. எந்தப் பக்கம் போகிறது என்பதை உள்ளே இருக்கும் சில புரதங்கள் முடிவு செய்கின்றன. ரன்எக்ஸ்2 என்ற புரதம் எழுந்தால் எலும்புப் பக்கம். அது இல்லாத எலிக்குட்டிகளுக்கு எலும்பே உருவாகாமல் குருத்தெலும்புக் கூடு மட்டும் இருந்ததை 1997இல் பார்த்தார்கள். பிபிஏஆர் காமா எழுந்தால் கொழுப்புப் பக்கம். வயது ஏற ஏற நம் மஜ்ஜையில் கொழுப்பு கூடிக்கொண்டே போவதற்கு இந்தத் தராசு ஒரு பக்கம் சாய்வதும் ஒரு காரணம்.

ஆய்வகத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் இருபத்தொன்றாம் நாள். 24 குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டில் செல்களை விட்டு, வைட்டமின் சி, டெக்ஸாமெத்தசோன், பீட்டா கிளிசரோபாஸ்பேட் மூன்றையும் கலந்த திரவத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி ஊற்றி மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தை விடுவோம். சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் துணிக்குச் சிவப்பு ஏற்றிய சாயவேரில் இருப்பது இதே அலிசரின்தான். அது சுண்ணாம்புச் சத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். நாலைந்து முறை தண்ணீர் விட்டு அலசிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், சும்மா விட்ட குழிகள் வெளிறிப் போயிருக்கும், எலும்பாக மாறிய குழிகளில் குங்குமத்தைத் தூவி வைத்தது மாதிரி சிவப்புச் சிவப்பாகத் துகள் ஒட்டியிருக்கும். இன்னொரு ஸ்டேட்டினான சிம்வாஸ்டேட்டினைக் குறைந்த அளவில் விட்ட குழிகள் இன்னும் அடர் சிவப்பாக வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அளவைக் கூட்டிய குழிகளில் சிவப்பும் இல்லை, செல்லும் இல்லை, செத்து உரிந்து அலசும்போதே தண்ணீரோடு போய்விட்டது.

ஆக, சித்தி அனுப்பிய செய்தியின் வேர் இங்கே இருக்கிறது.

ஸ்டேட்டின் எப்படி வந்தது என்று தெரிந்தால் அடுத்தது புரியும். ஜப்பானில் சாங்க்யோ நிறுவனத்தில் வேலை பார்த்த அகிரா எண்டோ, கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளை ஏதாவது ஒரு பூஞ்சை செய்துகொண்டிருக்கும் என்று நம்பி ஏறக்குறைய 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்தார். கடைசியில் கியோட்டோவில் அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூசணத்தில் 1973இல் கிடைத்தது முதல் ஸ்டேட்டின். 1987இல் லோவாஸ்டேட்டின் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. எண்டோ 2024இல் தான் காலமானார். அம்மா உள்பட எத்தனையோ கோடிப் பேரின் ரத்தக் குழாய் அந்தப் பூசணத்துக்குக் கடன்பட்டிருக்கிறது.

நம் செல்களுக்குள் கொலஸ்ட்ரால் ஒரே எட்டில் உண்டாவதில்லை, படிப்படியாக வருகிறது. ஆரம்பப் படிகளில் ஒன்று மெவலோனேட் என்ற பொருள் உண்டாவது, ஸ்டேட்டின் அடைப்பது அந்தப் படியை. ஆனால் மெவலோனேட்டிலிருந்து கொலஸ்ட்ரால் மட்டும் வருவதில்லை. பாதி வழியில் கிளை பிரிந்து, நீளமான கொழுப்பு வால்களும் உண்டாகின்றன. செல்லுக்குள் வேலை பார்க்கும் ரோ போன்ற சின்னப் புரதங்கள் இந்த வாலைக் கட்டிக்கொண்டால்தான் செல்லின் தோல் சவ்வில் போய் ஒட்டி வேலை செய்ய முடியும். ஸ்டேட்டின் மேலேயே அடைத்துவிட்டால் கொலஸ்ட்ராலும் குறைகிறது, வாலும் குறைகிறது, ரோ படுத்துவிடுகிறது. மஜ்ஜை ஸ்டெம் செல்லிலும் எலும்பு கட்டும் செல்லிலும் ரோ படுத்தால் பிஎம்பி2 என்ற புரதத்தின் உற்பத்தி எழுகிறது. அந்த வாலை மட்டும் வெளியிலிருந்து திரும்பக் கொடுத்துவிட்டால் ஸ்டேட்டினின் எலும்பு விளைவு காணாமல் போய்விடும், ஆய்வகங்களில் இதை உறுதி செய்தது அப்படித்தான்.

பிஎம்பி என்பது சாதாரணப் பெயர் இல்லை. மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு மருத்துவர் லாஸ் ஏஞ்சலிஸில் சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்புத் துண்டை முயலின் தசைக்குள் வைத்தார், தசைக்குள்ளேயே புது எலும்பு முளைத்தது. 1965இல் வெளிவந்த அந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணமான புரதக் கூட்டம்தான் பிஎம்பி. 'எலும்பாக மாறு' என்று ஸ்டெம் செல்லுக்குச் சொல்லும் கட்டளைகளில் மிக வலுவானது.

1999இல் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் கிரெகரி மண்டியின் குழு, இந்த பிஎம்பி2வை எழுப்பும் பொருள் எது என்று 30,000க்கும் மேற்பட்ட இயற்கைப் பொருள்களை வடிகட்டிப் பார்த்தது. அகப்பட்டது லோவாஸ்டேட்டின். ஏற்கெனவே மருந்துக் கடையில் இருக்கும், லட்சக்கணக்கானவர்கள் விழுங்கிக்கொண்டிருக்கும் மருந்து! எலிகளின் மண்டையோட்டுக்கு மேல் தோலடியில் ஊசியாகப் போட்டார்கள், புது எலும்பு வளர்ந்தது. வாய்வழி கொடுத்த எலிகளிலும் எலும்புக்குள் பஞ்சு போல இருக்கும் பகுதி கூடியது, ஆனால் உடல் எடைக்குக் கணக்கிட்டால் மனிதர் சாப்பிடுவதைப் போலப் பல மடங்கு அளவு. எலும்பு மெலிதலுக்கு அன்று கையில் இருந்த மருந்துகள் எலும்பு அரிவதைத் தடுத்தன, புதிதாகக் கட்டவில்லை. கட்டும் மருந்து, அதுவும் விழுங்கும் மாத்திரையாக, அதுவும் இதயத்துக்கும் நல்லதாக என்று கேள்விப்பட்டதும் அந்தத் துறையே எப்படித் துள்ளியிருக்கும் என்று பழைய கட்டுரைகளைப் படிக்கும்போதே எனக்குப் புரிந்தது.

அடுத்த வருடமே பிரிட்டனின் பொது மருத்துவர் பதிவேடுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஸ்டேட்டின் சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பு முறிவு 45 சதவீதம் குறைவு என்றது. அதற்கு அடுத்த வருடம், அதே பதிவேட்டை வேறு குழு வேறு விதமாக அலசி, ஒரு வித்தியாசமும் இல்லை என்றது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொலஸ்ட்ரால் கூடியிருப்பவர்கள் பொதுவாகக் கொஞ்சம் எடை கூடியவர்கள், எடை தாங்கும் எலும்பு கெட்டியாக இருக்கும். ஒழுங்காக மாத்திரை போடுகிறவர் ஒழுங்காக நடக்கவும் போவார், பார்த்து அடி வைப்பார். மாத்திரை ஒன்றும் செய்யாமலேயே முறிவு குறைந்தது போலத் தெரிய இவ்வளவு வழி இருக்கிறது.

அதனால்தான் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுக்கும் சோதனை வேண்டியிருக்கிறது. மாதவிடாய் நின்ற 626 பெண்களுக்கு 10 முதல் 80 மில்லிகிராம் வரை அட்டோர்வாஸ்டேட்டினை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2007இல் வந்தது. எலும்பு அடர்த்தியில் எந்த அளவிலும் மாற்றம் இல்லை. ஜூபிட்டர் என்ற பெரிய இதயச் சோதனையில் 17,802 பேர், பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டேட்டின். எலும்பு முறிவுகளைத் தனியாக எண்ணி 2015இல் வெளியிட்டார்கள்: மருந்து சாப்பிட்டவர்களில் 221, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 210. எலும்புக்காக ஸ்டேட்டின் என்ற பேச்சு அதோடு ஏறக்குறைய முடிந்தது.

தட்டில் அவ்வளவு சிவப்பு, ஆளிடம் ஒன்றுமில்லை. ஏன்?

அம்மாவுக்கு இதைச் சொல்ல எனக்கு வாய்க்கால்தான் கைகொடுத்தது. அம்மா பிறந்த ஊர் கீழ்பவானிப் பாசனத்தில் கடைமடை. அணையில் எவ்வளவு திறந்துவிட்டாலும் தலைமடைக்காரர்கள் பாய்ச்சிக்கொண்ட மிச்சம்தான் கடைசியில் வரும், சில வருடம் அதுவும் வராது. இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. குடலில் இறங்கிய ஸ்டேட்டின் முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. உடம்பின் கொலஸ்ட்ராலை உண்டாக்குவதிலும் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வதிலும் ஈரல்தான் பெரிய ஆள் என்பதால் மருந்தும் அங்கேயே தங்கிவிடுவது இதயத்துக்கு நல்லது. சிம்வாஸ்டேட்டினில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவும் அட்டோர்வாஸ்டேட்டினில் 14 சதவீதம் போலவும்தான் ஈரலைத் தாண்டிப் பொது ரத்தத்துக்கு வருகிறது. அதிலும் மஜ்ஜைக்குள் இருக்கும் ஸ்டெம் செல்லுக்கு எட்டுவது எவ்வளவு? தட்டில் நாங்கள் விட்டது மைக்ரோமோலார் கணக்கு, மாத்திரை விழுங்கியவர் ரத்தத்தில் ஓடுவது நானோமோலார் கணக்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு அலகு. "அப்ப எலும்பு கடைமடையா?" என்றார் அம்மா. ஆமாம், ஸ்டேட்டினுக்கு எலும்பு கடைமடை.

நான் ஆய்வகத்தில் இருந்தபோதே படித்து வியந்து, இன்னும் வியந்துகொண்டிருக்கும் விஷயத்தை அடுத்துதான் அவரிடம் சொன்னேன். அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை வேலை செய்வதும் இதே படிக்கட்டில்தான்! ஸ்டேட்டின் மேல்படியை அடைக்கிறது. அலென்ட்ரோனேட் அதற்குச் சில படிகள் கீழே, அந்த வால்களுக்கு மூலப்பொருளான ஃபார்னெசில் பைரோபாஸ்பேட் உண்டாகும் படியை அடைக்கிறது. அங்கேயும் வால் கிடைக்காமல் அதே சின்னப் புரதங்கள் படுக்கின்றன. வேறுபாடு அது எந்தச் செல்லில் நடக்கிறது என்பதில்தான். அலென்ட்ரோனேட்டுக்கு எலும்பின் சுண்ணாம்பு மேல் அப்படி ஒரு பிடிப்பு. வயிற்றிலிருந்து ரத்தத்தில் சேருவது 1 சதவீதம்கூட இல்லை, ஸ்டேட்டினை விட மோசம். ஆனால் அந்தத் துளியில் ஏறக்குறைய பாதி நேராகப் போய் எலும்பில் ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். மிச்சம் சிறுநீரில் போய்விடும். எலும்பை அரிக்கும் செல் வந்து அந்த இடத்தைக் கரைத்துச் சாப்பிடும்போது மருந்தையும் சேர்த்து விழுங்குகிறது, வால் இல்லாமல் முடங்கிச் சாகிறது. அம்மா வெறும் வயிற்றில் காத்திருப்பதும் இந்த 1 சதவீதத்தைக் காப்பாற்றத்தான். காபியோ பாலோ சேர்ந்தால் அதுவும் போய்விடும். நிமிர்ந்து உட்காருவது உணவுக்குழாய் புண்ணாகாமல் இருக்க.

வேறொரு பயமும் சுற்றுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஒரு குழு ஆஸ்திரியா முழுவதன் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்து, குறைந்த அளவு ஸ்டேட்டின் சாப்பிடுகிறவர்களிடம் எலும்பு மெலிதல் குறைவு, கூடுதல் அளவு சாப்பிடுகிறவர்களிடம் அதிகம் என்று எழுதியது. என் தட்டில் பார்த்ததற்கு ஒத்துப்போவது போல இருந்ததால் எனக்கே ஒரு கணம் மனசு தடுமாறியது. ஆனால் இதுவும் பதிவேட்டைப் புரட்டிய ஆய்வுதான், கூடுதல் அளவு தரப்படுகிறவர் பெரும்பாலும் கூடுதல் நோயாளி, அதிகம் நடமாடாதவர். ஜூபிட்டரில் 20 மில்லிகிராம் ரோசுவாஸ்டேட்டின் கொடுத்தும் முறிவு குறிப்பிடும்படி கூடவில்லை. ஸ்டென்ட் வைத்தவர் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் வரக்கூடிய மாரடைப்பு கற்பனை இல்லை. தயவுசெய்து நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

மருந்து வழி தவறி ஸ்டெம் செல்லை நிஜமாகவே தொந்தரவு செய்யும் உதாரணம் வேண்டுமென்றால் சர்க்கரை மாத்திரையான பயோகிளிட்டசோனைப் பாருங்கள். அது எழுப்புவதே மேலே சொன்ன பிபிஏஆர் காமாவை. மஜ்ஜை செல் கொழுப்புப் பக்கம் சாய்கிறது, பெண்களுக்கு எலும்பு முறிவு கூடுகிறது, இது சோதனைகளிலேயே தெரிந்த விஷயம். வீட்டில் வயதான அம்மாவுக்கு இந்த மாத்திரை போய்க்கொண்டிருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

இதய மாத்திரைகளில் இன்னொன்று, பீட்டா பிளாக்கர், அதன் கதை இன்னும் முடியவில்லை. மேயோ கிளினிக்கில் மாதவிடாய் நின்ற 155 பெண்களுக்கு 20 வாரம் கொடுத்துப் பார்த்ததில் அட்டெனலால், நெபிவலால் இரண்டும் எலும்பு அரிவைக் கொஞ்சம் குறைத்தன, ப்ராப்ரனலால் குறைக்கவில்லை. நிஜமாகவே எலும்பு முறிவு குறையுமா என்பதற்கு இன்னும் பெரிய சோதனை வேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அம்மா ஒரே கேள்வி கேட்டார். "ஈரல் குடிச்சர்றதுனால வாய்க்கால்ல உடாம, குடத்துல மோந்துட்டுப் போயி நேரா அந்த எடத்துலயே ஊத்தக் கூடாதா?"

பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் ஆய்வகக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது. அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறார்கள். ஸ்டேட்டினைக் கூழாகவோ, மெல்லக் கரையும் பஞ்சாகவோ, நுண்ணிய உருண்டையாகவோ செய்து முறிந்த இடத்திலேயே வைப்பது, பல் பிடுங்கிய குழியில் நிரப்புவது, ஈறு விலகி எலும்பு கரைந்த இடத்தில் விடுவது. நம் பக்கத்திலேயே பெங்களூரில் பல் மருத்துவர்கள் 1.2 சதவீத சிம்வாஸ்டேட்டின் கூழை ஈறுப் பைக்குள் விட்டுச் சோதித்திருக்கிறார்கள். எல்லாம் சின்னச் சின்னச் சோதனைகள், பெரியது வர வேண்டும். என் கண் முன்னால் சிவந்த அந்தக் குழிகள் என்றைக்காவது ஒரு முறிந்த மணிக்கட்டுக்கு உதவும் என்று நான் மனதார நம்புகிறேன், ஆனால் அது வருகிற வழி ராத்திரி விழுங்கும் மாத்திரையாக இருக்காது.

சித்திக்கு என்ன பதில் அனுப்புவது என்று அம்மா கேட்டார். ராத்திரி மாத்திரை இதயத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை மாத்திரை எலும்புக்கு, ரெண்டும் போடணும் என்று அனுப்பச் சொன்னேன். அவர் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் அரை மணி ஆகிவிட்டது. எழுந்து போய்க் காபிக்குப் பாலை வைத்தார்.